பதினான்காவது கேள்வியும் ஒரு முழத் தாளும்

மருத்துவப் பரிசோதனையில் ஒருவரைத் 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று முடிவு செய்தால், காரணத்தை எழுத்து மூலம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் மேல்முறையீடு செய்தால் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விதி இவ்வளவுதான். சிக்கலே இல்லாத விதி. அதனால்தான் யாரும் அதைப் படிப்பதில்லை என்று நினைக்கிறேன். எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார், படிக்க வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார்.

எந்தத் துறையின் விதி என்று சொல்ல மாட்டேன். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டி, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். கேட்காததைச் சொல்லக் கூடாது என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. சீருடைப் பணி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் அதற்கான எழுத்துத் தேர்வில் தேறினாள். நீண்ட நடைத் தேர்வில், பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்ட பலரைத் தாண்டிப் போய் நேரத்துக்கு முன்பே முடித்தாள். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. மிச்சமிருந்தது உடல் தகுதிச் சான்று ஒன்றுதான்.

அங்கேதான் அந்தப் படிவம் வந்தது. இரண்டாம் பக்கம், பதினான்காவது கேள்வி: உங்களுக்கு எப்போதாவது மார்பு வலி, படபடப்பு, மயக்கம் இருந்ததுண்டா? ஆம், இல்லை. ஒன்றில் டிக் அடிக்கவும்.

இருந்தது. கல்லூரிக் கடைசி ஆண்டிலிருந்தே இருந்தது. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பத்து நிமிடமோ அரை மணியோ கழித்து நின்றுவிடும். அதற்குள் ஆட்டோ பிடித்து, நாங்கள் குடியிருக்கும் கணபதிப் பகுதியின் பட்டறைச் சந்துகளைக் கடந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால், ஈசிஜி எடுக்கும்போது இதயம் நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும். நான்கு முறை எடுத்தோம். நான்கும் நார்மல். இதில் ஒருமுறை ஒரு டாக்டர், என்னைத் தனியாக அழைத்து, "பயம்தாங்க சார். பொண்ணுக்கு எதாவது மனசுல இருக்கான்னு கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். "இருக்குதுங்கப்பா. நெஞ்சு ஏன் இப்படி அடிக்குதுன்னு ஒரு கேள்வி இருக்குது" என்றாள்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. என் மனைவிக்கு அது வாயு. சுக்கும் பெருங்காயமும் போட்ட மோர் மூன்று வருடம் ஓடியது. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் என் மச்சினனுக்கு அது திருஷ்டி. வந்தபோதெல்லாம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டான். எனக்கு? எனக்கு அது தேர்வுக்குப் படிக்கிறவளின் பதற்றம். வாயு என்பதை விடக் கொஞ்சம் படித்தவன் சொல்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லோரும் ஒன்றுபட்ட விஷயம் ஒன்று உண்டு. வெளியே சொல்லக் கூடாது.

"கல்யாணத்துக்கு நிக்கிற புள்ளைங்க மாமா," என்றான் மச்சினன். "ஹார்ட்டு கீர்ட்டுன்னு ஒருத்தன் காதுல உழுந்துச்சுன்னா, அப்பறம் அந்தியூர் வரைக்கும் போனாலும் ஒரு ஜாதகம் சேராது. கண் டாக்டர்ட்ட போறோம்னு சொல்லிருங்க."

சொன்னோம். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் எதிர் வீட்டில் கண் டாக்டர் என்றே சொன்னோம். இதன் பலன், பிறகு பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் பெரியம்மா, காப்பியை வாங்கிக்கொண்டே, "அம்மணி, அந்தக் காலண்டர்ல என்ன தேதின்னு படிச்சுச் சொல்லு கண்ணு" என்று கேட்டார். என் மகள் தேதியைப் படித்தாள். கீழே பொடி எழுத்தில் இருந்த ராகு காலம், குளிகை, சூலம், அச்சிட்ட கடையின் முகவரி வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இன்னும் படிக்கோணுங்களா?" என்றாள். அந்த ஜாதகமும் சேரவில்லை.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசையில் வைத்து அவள் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினான்காவது கேள்வியில் அவள் பேனா 'ஆம்' பக்கம் போனதைப் பார்த்துப் பிடித்து நிறுத்தினேன்.

"இரு கண்ணு. நாலு ஈசிஜியும் நார்மல். ஆவணத்துல என்ன இருக்குதோ அதுதான் உண்மை. ஆவணத்துல வியாதி இல்ல."

"நெஞ்சுல இருக்குதேங்கப்பா."

"படிவம் நெஞ்சக் கேக்கல. உன்னயத்தான் கேக்குது."

"என்னயத்தான் கேக்குதுங்க. அதான் நான் சொல்றேன்," என்று 'ஆம்' என்பதில் டிக் அடித்தாள். கொடுத்த ஒற்றைக் கோட்டில் இடம் போதாமல், தனித் தாள் எடுத்து, எந்த வருடம் தொடங்கியது, மாதத்துக்கு எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்று எழுதினாள். என் பணிக்காலத்தில் தானாக முன்வந்து இணைப்புத் தாள் வைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

"ஏன் அம்மணி இப்படிப் பண்றே?" என்று அவள் அம்மா சமையலறையிலிருந்தே அழுகிற குரலில் கேட்டாள்.

"அந்த வேலைல என்னை நம்பி நாலு பேரு பின்னால வருவாங்கம்மா. நடுவுல நான் உக்காந்துட்டா அவுங்க என்ன பண்ணுவாங்க? இருக்குதா இல்லையான்னு எனக்கே தெரியோணும்."

பரிசோதனையில் ஐந்தாவது ஈசிஜி எடுத்தார்கள். அதுவும் நார்மல். ஆனால் இணைப்புத் தாளைப் படித்த மருத்துவர் சிறிது நேரம் பேனாவைக் கன்னத்தில் தட்டிவிட்டு, 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன், இன்னும் அழகான கையெழுத்தில். குறை, காரணம் எழுத்து மூலம் வராததில் இருந்தது. தகவல் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் அவள் எண்ணுக்கு எதிரே ஒரு சொல், அவ்வளவுதான்.

எனக்குள் கண்காணிப்பாளர் விழித்துக்கொண்டார். மேல்முறையீடு தயாரித்தேன். ஒன்பது பக்கம். பொருள், பார்வை (அதாவது மேற்கோள் காட்டும் முந்தைய கடிதங்கள்) ஒன்று முதல் ஏழு வரை, விதியின் உட்பிரிவு, முன்னுதாரணங்கள். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். முப்பதாம் நாள் முடிந்ததும் முதல் நினைவூட்டு. பதினைந்து நாள் கழித்து இரண்டாம் நினைவூட்டு. அதன் பிறகு நேர்முக நினைவூட்டு, அதாவது அதிகாரியின் பெயருக்கே எழுதுவது. நான் பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட கடிதங்கள் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். 'கோப்பில் வைக்கவும்' என்று ஓரத்தில் எழுதுவேன். இருந்தும் அனுப்பினேன்.

என் மகள் அதே நாட்களில் நகரத்தில் ஓர் இதய மருத்துவரைத் தானே கண்டுபிடித்து, தானே நேரம் வாங்கி, என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. பழைய ஈசிஜிகளைப் புரட்டிப் பார்த்து ஓரமாக வைத்தார். இன்னொன்று எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, அந்தத் துடிப்பு எப்படி இருந்துச்சுன்னு இந்த மேசைல விரலால தட்டிக் காட்டு பாக்கலாம்," என்றார்.

என் மகள் தட்டினாள். வேகம், ஆனால் ஒரே அளவு. ஒரு தட்டு முந்தவில்லை, ஒரு தட்டு பிந்தவில்லை.

"மெதுவா ஏறி மெதுவா எறங்குமா?"

"இல்லீங்க டாக்டர். தறி மாதிரிங்க. சுவிச்சப் போட்டா அதே வேகத்துல ஓடும். நிறுத்துனா டக்குனு நிக்கும். நடுவுல ஒன்னும் கெடையாதுங்க."

அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கருமத்தம்பட்டியில் பெண் எடுத்தவன் நான். தறிச் சத்தத்தில் எத்தனையோ பகல்கள் சாப்பிட்டுப் படுத்திருக்கிறேன். அது என் மகள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக 'இப்ப எப்படி இருக்குது' என்று மட்டுமே கேட்டிருந்தோம். 'எப்படி ஆரம்பிச்சுது' என்று ஒருவரும் கேட்கவில்லை. நேரடி விசாரணை நடத்தாமல் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். இந்த வயதில் படபடப்பு என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதயத்தில் கோளாறு இருக்காதாம். தூக்கமின்மை, அளவு மீறிய காப்பி, டப்பாவில் வரும் உற்சாக பானங்கள், ரத்தச் சோகை, தைராய்டு என்று தேடிப் பார்க்க வேண்டுமாம். பதற்றமும் ஒரு காரணம்தான். "ஆனா அது கடைசில எழுத வேண்டிய முடிவுங்க சார். மத்ததெல்லாம் பாத்துட்டு எழுதோணும். நம்மாளுங்க பொண்ணுன்னா மொதல் பக்கத்துலயே எழுதிப்போடுறாங்க," என்றார். பதற்றத்தின் படபடப்பு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். இவளுடையது அப்படி இல்லை. இதயத்துக்குள் மின்சாரம் போகிற வழியில் சிலருக்குப் பிறவியிலேயே ஒரு கூடுதல் பாதை இருக்குமாம். என்றைக்காவது ஓட்டம் அதில் நுழைந்து சுற்றிச் சுற்றி வரத் தொடங்கிவிடும். ஒரு கோப்பு இரண்டு பிரிவுகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருப்பதை நான் அறியாதவன் அல்ல. சட்டென்று புரிந்தது.

"அப்ப நெஞ்சு வலிங்க?" என்று கேட்டேன். இரண்டு மாதமாக இடது பக்கம் குத்துகிறது என்று சொல்லியிருந்தாள்.

டாக்டர் எழுந்து வந்து, விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். "ஆ!" என்றாள் இவள்.

"இதானே?"

"இதேதாங்க."

"இதயத்த இப்படி வெரலால அமுக்கி வலிக்க வைக்க முடியாது கண்ணு. இது எலும்பும் சதையும். தண்டால் எடுத்தியா?"

எடுத்திருந்தாள். பணிப் பயிற்சிக்குத் தயாராக நாளுக்கு ஐம்பது. நான் அந்த வலிக்குப் பயந்து மூன்று கோயிலுக்கு வேண்டியிருந்தேன்.

ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை. ஓடும்போதோ மலை ஏறும்போதோ நெஞ்சைப் பிசைகிற மாதிரி வலித்தாலோ, வலி கைக்கும் தாடைக்கும் போனாலோ, மயங்கி விழுந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று போயிருந்தாலோ, மோர் குடித்துவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது என்றார். மோர் என்று அவர் எப்படிச் சரியாகச் சொன்னார் என்று தெரியவில்லை. எல்லா வீட்டிலும் மோர்தான் போலிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்து, அமைப்பில் குறையில்லை என்றும் சொன்னார்.

"இனி ஒன்னுதான் வேணும். அது ஓடும்போது எனக்கு ஒரு தாள்ல பிடிச்சுக் குடு. கிறுகிறுன்னு வந்தா படுத்துக்கோ, தனியா எங்கயும் போகாத. இல்லாட்டி எங்க பக்கத்துல மெஷின் இருக்குதோ அங்க ஓடு."

நானாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு, அடுத்த தடவை வரட்டும் என்று காத்திருப்பேன். என் மகள் செய்ததைச் சொல்கிறேன். அப்போது அவள் மாமனின் தறிக் கூடத்தில் நெய்த துணியைச் சரிபார்க்கும் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். கணபதியிலிருந்து கருமத்தம்பட்டி வரை வழியிலுள்ள ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நாள் இறங்கினாள். எந்த கிளினிக்கில் ஈசிஜி மெஷின் இருக்கிறது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஆள் இருப்பார், மதியம் பூட்டுவார்களா, மெஷினில் தாள் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் போட்டாள். இரண்டு இடத்தில் மெஷின் இருந்தது, தாள் இல்லை. "தாள் வாங்கி வைங்க அக்கா, நான் ஒரு நாள் ஓடியாருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நோய் வருவதற்கு முன்பே இடத்தைப் பார்வையிட்டு வைத்த நோயாளியை எந்த நடைமுறை நூலும் எதிர்பார்த்திருக்காது. என் ஒன்பது பக்கத்தை விட அந்த ஒரு பக்கம் உயர்ந்தது என்று அன்றே எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்ச நாள் பிடித்தது.

தை மாதம், ஒரு மதியம், தறிக் கூடத்தில் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அது தொடங்கியது. நான் அங்கே இல்லை. மச்சினன் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

"மாமா, ஆரம்பிச்சிருச்சுங்க, வண்டிய எடுங்க" என்றாளாம். கிறுகிறுப்பு இல்லை, நேராக நின்றாளாம். ஆனால் கழுத்தில் நரம்பு துடிப்பது தெரிந்ததாம். பட்டியல்படி பக்கத்தில் இருந்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கிளினிக். இரண்டு நிமிடம். அன்று சந்தை நாள். சாலை முழுக்க மூட்டையும் ஆட்டோவும். பின்னால் உட்கார்ந்திருந்தவள், "மாமா, மெதுவா போனா போதுமுங்க" என்றாளாம். மூன்று வருடத்துக்கு மேலாக 'வெளிய சொல்லாதீங்க' என்று எங்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட அந்த மனிதன், மொபெட்டின் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறான்:

"வழி உடுங்க! ஹார்ட்டுப் பேசண்டுங்க! என்ற அக்கா புள்ளைங்க! ஹார்ட்டுங்க, வழி உடுங்க!"

கருமத்தம்பட்டியில் எங்கள் உறவுக்காரர்கள் இல்லாத தெரு கிடையாது. ஐந்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. கண் டாக்டர் கதை அன்றோடு முடிந்தது.

கிளினிக் அக்கா தாள் வாங்கி வைத்திருந்தார். படுக்க வைத்து, கம்பிகளை ஒட்டி, மெஷினை ஓட விட்டார். தாள் நீண்டுகொண்டே வந்தது. நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறுக்கு மேல். ஒரு முழ நீளம் வந்ததும், யாரோ சுவிட்சை அணைத்தது போல, அந்தத் தாளிலேயே துடிப்பு பழைய நிலைக்கு வந்தது. ஓடியதும் நின்றதும் ஒரே தாளில். "புடிச்சுப்போட்டேனுங்கப்பா" என்று போனில் சொன்னாள். பின்னால் மச்சினன் அழுகிற சத்தம் கேட்டது.

டாக்டர் அந்தத் தாளை மேசையில் விரித்து, இரண்டு உள்ளங்கையாலும் நீவிவிட்டார். "இதுக்குத்தான் நான் காத்திருந்தேன்" என்றார். மாசியில், தொடை ரத்த நாளம் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, அந்தக் கூடுதல் பாதையைச் சுட்டு மூடினார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்க வந்த சொந்தங்களுக்குக் காப்பி போட எழுந்தவளை அவள் அம்மா பிடித்து உட்கார வைத்தாள். அவள் நெஞ்சில் தறி பிறகு ஓடவே இல்லை.

பங்குனியில் அவள் ஒரு கடிதம் எழுதினாள். எட்டு வரி. எனக்கு இருந்தது இது, கண்டுபிடித்தது இப்படி, சிகிச்சை இது, மருத்துவர் சான்றும் ஈசிஜி நகல்களும் இணைப்பு, என்னை மீண்டும் பரிசோதியுங்கள்.

"பார்வை எங்க?" என்றேன். "விதி எண் எங்க? என்னோட மேல்முறையீட்டயாவது குறிப்பிடு."

"அதுக்குத்தான் அவுங்க பதிலே போடலீங்களே."

"மொதல் வரில 'பொருள்'னாவது போடு கண்ணு."

அதைப் போட்டாள். என் பங்களிப்பு அந்த ஒரு சொல்.

வைகாசியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. ஈரோட்டில் மருத்துவக் குழு முன்னால் ஆஜராக வேண்டுமாம். நானும் போனேன். வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மூன்று மருத்துவர்கள். அந்த முழத் தாள் கை மாறிக்கொண்டிருந்தது. டிரெட்மில் என்கிற நடைப்பட்டையில் ஓட வைத்துப் பார்த்தார்கள், இறக்கினார்கள். அவளுக்கு மூச்சு கூட வாங்கவில்லை. நடுவில் இருந்த பெரியவர் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி,

"ஏம்மா, ஈசிஜி எல்லாம் நார்மல். நீ இத எழுதாம உட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏன் எழுதுன?" என்றார்.

"கேட்டிருந்தீங்களே சார். அதான் எழுதினேனுங்க."

பெரியவர் படிவத்தை மற்ற இருவர் பக்கம் நகர்த்தினார். நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றேன். எதற்காக என்று தெரியவில்லை. மேலதிகாரி வந்தால் எழுகிற பழக்கமாக இருக்கலாம்.

பிறகு காத்திருப்பு. முப்பது நாள் முடிந்தது. நினைவூட்டு எழுதப் பேனாவை எடுத்தேன். "வேண்டாமுங்கப்பா," என்றாள். அவள் தினமும் விடிந்ததும் ஓடப் போனாள், வந்தாள், தறிக் கூடத்துக்குப் போனாள். நான் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அந்தச் செடிகள் அந்த வருடம் போல் எந்த வருடமும் குளித்ததில்லை.

கடைசியில் உறை வந்தது. ஒற்றைத் தாள். மருத்துவக் குழுவின் பரிந்துரையின்படி விண்ணப்பதாரர் உடல் தகுதி பெற்றவர் எனவும், முந்தைய குறிப்பு ரத்து செய்யப்படுகிறது எனவும், பயிற்சிக்கு வந்து சேர வேண்டும் எனவும். பார்வையில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. பங்குனியில் எழுதிய எட்டு வரி. என் ஒன்பது பக்கமும் மூன்று நினைவூட்டுகளும் எந்தக் கோப்பிலும் இல்லாதது போலவே இருந்தன. என் வாழ்நாளில் ஓர் அரசுக் கடிதத்தைப் படித்து இவ்வளவு திருப்தி அடைந்ததில்லை.

தறிக் கூடத்துக்கு அன்று பண்டிகை விடுமுறை. அவள் தாமதமாக ஓடிவிட்டு வந்து, வியர்வையோடு வாசலில் நின்றபடியே படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள். "நீங்களே கோப்புல வைங்கப்பா," என்றாள். அவள் அம்மா சமையலறையில் ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். நான் மேசைக்குப் போய் உட்கார்ந்து, சிவப்பு மையில், வலது மேல் ஓரத்தில், முப்பத்து நான்கு வருடம் எழுதிய அதே கையெழுத்தில் எழுதினேன்: பெறப்பட்டது, ஆடி பதினெட்டு.